சிகரெட்டையும் வேப்பையும் விட: கோலாலம்பூரில் எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு ஆகும்

நான் செந்தூலில் குடியிருக்கிறேன். 19 ஆண்டு சிகரெட் பிடித்தேன். கடைசி இரண்டரை ஆண்டு சிகரெட்டோடு வேப்பும் (மின்சிகரெட்) சேர்ந்துகொண்டது. இரண்டையும் விட்டு 14 மாதம் ஆகிறது.

இதற்கு முன் ஐந்து தடவை விட்டிருக்கிறேன். ஐந்துமே தைப்பூச விரதத்தில். 48 நாள் ஒன்றைக்கூடத் தொட மாட்டேன். பத்துமலையில் பால்குடம் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் ஒன்றைப் பற்றவைத்துவிடுவேன். நம்மவர்களில் நிறையப் பேருக்கு இதே கதைதான். “விரதத்துக்கு விட முடிகிறதே, நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம்” என்று நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். 272 படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறிய வருஷம்தான் யோசிக்க ஆரம்பித்தேன். 48 நாளுக்கு வைராக்கியம் இருக்கிறது, 49ஆம் நாளுக்கு என்னிடம் எந்த ஏற்பாடும் இல்லை. அந்த ஏற்பாட்டை அரசாங்க கிளினிக்கில் ஒரே ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) செய்து கொடுக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தபின்னும் தவறான கவுண்டரில் நின்று, தவறான நாளில் போய், மருந்தைத் தவறாகப் பயன்படுத்தி இரண்டு மாதம் வீணாக்கினேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எவ்வளவு பிடியில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

இரண்டு கேள்வி போதும். கிளினிக்கிலும் இதையே முதலில் கேட்பார்கள்.

காலையில் கண் விழித்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்? ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் பிடி மிக அதிகம். அரை மணி நேரத்துக்குள் என்றாலும் அதிகம்தான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்றால் குறைவு. அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை? பத்தா, இருபதா, முப்பதுக்கு மேலா?

பதிலை ஊகத்தில் சொல்லாதீர்கள். மூன்று நாள் கைப்பேசியில் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு. நான் பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறித்துப் பார்த்தால் பத்தொன்பது. வேப் இழுப்பவர்களுக்கு எண்ணிக்கை கிடையாது. அதனால் ஒரு பாட் (வேப் திரவம் அடைத்த குப்பி) எத்தனை நாள் வருகிறது, பெட்டியில் நிகோடின் அளவு என்ன போட்டிருக்கிறது, படுக்கையில் இருந்தபடியே இழுக்கிறீர்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புதான் பின்னால் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்.

2. உடம்புக்கு என்ன ஆகிறது

புற்றுநோய் என்றால் எல்லாருக்கும் தெரியும். சிகரெட் புகையில் 7,000-க்கு மேற்பட்ட ரசாயனங்கள், அவற்றில் குறைந்தது 70 புற்றுநோய் உண்டாக்குபவை. ஆனால் நம் குடும்பங்களில் ஆட்களை நடுவயதில் கொண்டுபோவது பெரும்பாலும் மாரடைப்புதான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ரத்தக்குழாயின் உட்சுவர் புண்பட்டு, ரத்தம் சீக்கிரம் உறையும். இதற்கு ஒரு நாளைக்கு இருபது பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பிடிப்பவருக்கும் இதய ஆபத்து நன்றாகவே ஏறுகிறது. “நான் நாளைக்கு மூணுதான்” என்பதில் ஆறுதல் எதுவும் இல்லை.

இனிப்புநீர் (நீரிழிவு) இந்த நாட்டில் நம்மவர்களிடம்தான் மற்ற இனத்தாரைவிட அதிகம். புகைப்பவருக்கு அது வரும் வாய்ப்பு 30 முதல் 40 விழுக்காடு கூடுதல். ஏற்கெனவே இருப்பவருக்குக் காலில் ரத்த ஓட்டம் குறையும், சின்னப் புண் ஆறாது. விரலை எடுத்தவர்கள் நம் தாமானிலேயே இருக்கிறார்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார் வீட்டில் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர்வழி. வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

விட்டபின் உடம்பு திரும்புகிற வேகமும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளில் கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும். ஓர் ஆண்டில் புகையால் கூடிய இதய நோய் ஆபத்து பாதியாகும். பத்து ஆண்டில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பாதிக்கு வரும். ஐம்பது வயதில் விட்டாலும் பலன் உண்டு.

3. வேப்புக்கு மாறினால் விட்டதாக ஆகாது

இந்தப் பொறியில் நான் இரண்டரை ஆண்டு கிடந்தேன். “சிகரெட்டை விட்டுட்டேன், இப்ப வேப் மட்டும்தான்” என்றுதான் ஆரம்பம். ஆனால் சிகரெட் ஒன்றைப் பிடித்தால் ஒரு முடிவு உண்டு, அணைத்துப் போட்டுவிடுவோம். வேப்புக்கு முடிவே இல்லை. லிஃப்டில், கழிவறையில், காரில், படுக்கையில் என்று எங்கும் இழுக்கலாம். இப்போது வரும் பாட்களில் பெரும்பாலும் நிகோடின் உப்பு. தொண்டையில் எரிச்சல் தெரியாததால் அதிக நிகோடினைச் சுலபமாக இழுத்துவிடுகிறோம். நாலாவது மாதம் வேலையிடத்தில் வேப், மாமாக் கடைக்கு வெளியே சிகரெட் என்று இரண்டும் ஓடியது. மொத்த நிகோடின் முன்பைவிடக் கூடிவிட்டது.

எரிக்காததால் தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை என்பது உண்மை. அதனால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. சூடேறும் திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. கம்பிச்சுருளிலிருந்து உலோகத்துகள் வருகிறது. நிகோடின் இருக்கும்வரை அடிமைத்தனம் அப்படியே இருக்கும். 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்த 2,800-க்கு மேற்பட்டவர்கள் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் அதற்குக் காரணம். இங்கேயும் போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. லேபிள் இல்லாத திரவத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் திரவப் புட்டியைப் பூட்டி வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலும் குழந்தைக்கு அது விஷம்.

உங்கள் மகனோ மகளோ வேப் இழுப்பது தெரியவந்தால் அடித்துப் பயனில்லை. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் 852ஆவது சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ விற்கக் கூடாது, அவர்கள் பயன்படுத்தவும் கூடாது. பள்ளிகளுக்கு வரும் பல் மருத்துவக் குழு ‘கோத்தாக்’ என்ற திட்டத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை தருகிறது. வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், அல்லது நீங்களே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

4. போவதற்கு முன் போன் போடுங்கள்

நேராகப் போகாதீர்கள். என் முதல் தவறு அதுதான். ஒரு திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு, பக்கத்திலிருந்த அரசாங்க கிளினிக்குக்குப் போய், பொது நோயாளிகள் வரிசையில் எண் எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளே போனதும் “இதுக்கு வேற நாள், வேற அறை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய பெயர் ‘கிளினிக் பெர்ஹெந்தி மெரோக்கோக்’, அதாவது புகைப்பதை நிறுத்தும் கிளினிக். சுகாதார அமைச்சின் எம்குயிட் சேவையின்கீழ் வருவது. எல்லாக் கிளினிக் கெசிஹாத்தானிலும் (அரசாங்க சுகாதார கிளினிக்) தினமும் நடக்காது. பல இடங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம்தான். போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த நாள், முன்பதிவு வேண்டுமா, பேட்சும் (தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை) நிகோடின் சூயிங்கமும் கைவசம் இருக்கிறதா. மூன்றாவதை மறக்காதீர்கள். மருந்து தீர்ந்துபோயிருந்தால் ஆலோசனை மட்டும் சொல்லி அடுத்த தேதி கொடுப்பார்கள்.

எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 03-8883 4400. சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தோடு இந்த எண்ணைப் பல வருஷமாகப் பார்த்திருப்பீர்கள். நான் ஒருநாளும் அழைத்ததில்லை. மைசெஜாதெரா செயலியிலும் கிளினிக் சந்திப்புக்குப் பதியும் பகுதி இருக்கிறது. உங்கள் கிளினிக்கின் பெயரும் இந்தச் சேவையும் அதில் வந்தால் வீட்டிலிருந்தே தேதி எடுத்துவிடலாம்.

கோலாலம்பூரில் செந்தூல், ஜிஞ்சாங், செராஸ், தங்லின், ஜாலான் ஃபிளெட்சர் என்று பல இடங்களில் கிளினிக் கெசிஹாத்தான்கள் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைவிட வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மாதத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தூரம் என்றால் மூன்றாவது தடவை போக மாட்டீர்கள்.

மலாய் தயங்கினால் கவுண்டரில் இதைச் சொன்னால் போதும்: “நாக் டாஃப்தார் கிளினிக் பெர்ஹெந்தி மெரோக்கோக்.” தமிழ் பேசும் நர்ஸ் இருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் போன இடத்தில் இருந்தார்.

5. கையில் எடுத்துப்போக வேண்டியவை

மைகார்டு (அடையாள அட்டை). அது இல்லாமல் பதிவு கிடையாது.

இப்போது சாப்பிடும் மருந்துகள் எல்லாம், பெயர் தெரியும்படி அட்டையோடு. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் முக்கியம். சிகரெட் புகையிலுள்ள தார்ப்பொருள்கள் சில மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்துவிடும். புகை நின்றதும் அந்த மருந்துகள் ரத்தத்தில் கூடிவிடும். மனநல மருந்துகளான குளோசபின், ஓலான்சபின், ஆஸ்துமாவுக்குச் சிலர் சாப்பிடும் தியோஃபிலின், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். இன்சுலின் போடுபவர்களுக்கும் அளவு மாறலாம். டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தினால் சிக்கல்.

இனிப்புநீர் அல்லது ரத்த அழுத்தப் புத்தகம் இருந்தால் அது, கர்ப்பிணி என்றால் தாய்மைப் புத்தகம். வலிப்பு வந்ததுண்டா, நெஞ்சுவலி வந்ததுண்டா, மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்ததுண்டா என்று கேட்பார்கள். மறைக்காதீர்கள், எந்த மருந்து ஆகும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த மூன்று நாள் குறிப்பையும் காட்டுங்கள்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்கள் கடவுச்சீட்டும் வேலை பெர்மிட்டும் கொண்டுபோக வேண்டும். குடிமக்கள் அல்லாதோருக்குக் கட்டணம் வேறு. போனிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். கட்டுப்படியாகாவிட்டால் ஃபார்மசியில் மருந்தாளரிடம் பேசி பேட்ச் வாங்கி ஆரம்பிக்கலாம்.

6. முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்

பதிவு, உயரம், எடை, ரத்த அழுத்தம், பிறகு நர்ஸ். மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் கையடக்கமான ஒரு கருவியில் காகிதக் குழாயைச் செருகிக் கொடுப்பார். மூச்சை ஆழமாக இழுத்து 15 விநாடி அடக்க வேண்டும், பிறகு மெதுவாக, நெஞ்சு காலியாகும்வரை ஊத வேண்டும். எனக்குப் பதினொன்றாவது விநாடியிலேயே முட்டிக்கொண்டு வந்தது. மறுபடி செய்யச் சொன்னார். திரையில் எண் ஏறிக்கொண்டே போய் 23-இல் நின்றது. ஆறும் அதற்குக் கீழும் இருந்தால் புகைக்காதவர் மூச்சு.

எனக்கு அடுத்து ஓர் இளைஞன், இருபத்திரண்டு வயது இருக்கும், வேப் மட்டும் இழுப்பவன். அவன் ஊதியபோது 2. முகமெல்லாம் சிரிப்பு. நர்ஸ் அக்கா கருவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இது நெருப்புப் புகையைத்தான் காட்டும் தம்பி. நிகோடினைக் காட்டாது. காலையில கண்ணு முழிச்சதும் கை எதைத் தேடுது, அதைச் சொல்லு.” அவன் பதில் சொல்லவில்லை, சட்டைப் பையைத் தொட்டான். வேப் இழுப்பவர்கள் இந்தக் கருவியின் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

பிறகு டாக்டர். எத்தனை தடவை விட்டுப் பார்த்தீர்கள், எதனால் திரும்பினீர்கள் என்று கேட்டார். விரதக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, உங்கள் உடம்பு ஐந்து தடவை நிகோடினை முழுக்க விட்டிருக்கிறது, நாம் பார்க்க வேண்டியது மறுநாள் காலையைத்தான் என்றார். எனக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

முதல் தடவைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்தடுத்த தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். வேலையிடத்துக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வந்து போன நேரம் போட்ட டைம் ஸ்லிப் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம், அன்று போவதானால் காலையில் போய்விடுங்கள்.

7. செலவுக் கணக்கு

குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு தடவைக்கு ஒரு வெள்ளி. ஆலோசனையும் மருந்தும் அதற்குள்ளேயே அடக்கம். ஆறு மாதத்தில் நான் ஒன்பது தடவை போனேன், ஒன்பது வெள்ளி. பார்க்கிங்குக்கு அதைவிட அதிகம் ஆனது.

ஒரு பெட்டி 17 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு பெட்டி என்றால் மாதம் 510, வருஷத்துக்கு 6,205 வெள்ளி. கள்ளச் சிகரெட் மலிவு என்று அதற்குப் போகிறவர்கள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். தண்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்: சாப்பாட்டுக் கடை உட்பட தடை செய்யப்பட்ட இடத்தில் புகைத்தாலோ வேப் இழுத்தாலோ 5,000 வெள்ளிவரை அபராதம் போட சட்டத்தில் இடம் உண்டு.

ஃபார்மசியில் சொந்தக் காசில் வாங்கினால் பேட்ச் செலவு கொஞ்சம் தெரியும். அதனால் பலர் இரண்டே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். முழுக் காலத்துக்கும் வாங்க முடியாது என்று தோன்றினால் கிளினிக் வழியே போவதுதான் புத்தி.

8. தேதி குறியுங்கள்

டாக்டரோடு உட்கார்ந்து ஒரு தேதி குறிப்பீர்கள், இரண்டு வாரத்துக்குள். நல்ல நாள் பார்ப்பவர்கள் பாருங்கள், அதில் தப்பில்லை. ஆனால் தீபாவளி, கல்யாணம், வருஷக் கடைசிக் கணக்கு முடிப்பு ஆகியவற்றுக்கு முந்திய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நான் நாள் ஷிஃப்ட் ஓடும் ஒரு புதன்கிழமையைக் குறித்தேன். விரதத்துக்கு விடுபவர்கள் மாலை போடும் நாளையே தேதியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் மருந்தும் அடுத்த சந்திப்பும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

முதல் நாள் இரவு காரையும் வீட்டையும் காலி செய்யுங்கள்: லைட்டர், சாம்பல் தட்டு, சார்ஜர், பாதி தீர்ந்த பாட். “அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்” என்று எடுத்து வைத்தால் அந்த அவசரம் மூன்றாம் நாளே வரும்.

9. மருந்தைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

இதில்தான் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்கிறார்கள். நானும்தான்.

பேட்ச்: ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் பிடித்தவர்களுக்குப் பொதுவாக 21 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். எனக்கு முதலில் போட்ட கணக்கு: அது ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். குளித்துத் துடைத்தபின், முடியில்லாத காய்ந்த தோலில், புஜத்திலோ நெஞ்சிலோ ஒட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். எண்ணெயோ கிரீமோ பூசிய இடத்தில் நிற்காது. தினமும் இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். இரவில் கனவு தொல்லை தந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். எடுத்த பேட்சில் நிகோடின் மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

சூயிங்கம்: பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், இதைச் சாதாரண சூயிங்கம்போல மெல்லக் கூடாது. நான் முதல் வாரம் அப்படித்தான் மென்றேன். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். “இது ஆகாது” என்று தூக்கிப் போட்டுவிட்டேன். சரியான முறை இது: மெதுவாக நாலைந்து முறை மெல்லுங்கள், மிளகு கடித்ததுபோல் நாக்கில் சுரீர் என்றதும் நிறுத்துங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள், வெற்றிலையை அடக்கி வைப்பதுபோல. சுரீர் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லு, இடம் மாற்றி ஒதுக்கு. அரை மணி நேரம் வரும். நிகோடின் வாய்த் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் வயிற்றில் எரிச்சல்தான் மிச்சம். காப்பி, ஆரஞ்சு ஜூஸ், கோக் போன்றவை வாயைப் புளிப்பாக்கி நிகோடினை ஏறவிடாமல் செய்யும். மெல்லுவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்பிருந்து எதையும் குடிக்காதீர்கள். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடித்தவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. ஒரு நாளைக்கு 24-க்கு மேல் போகக் கூடாது.

பேட்சும் சூயிங்கமும் சேர்த்துத் தருவதுண்டு. பேட்ச் நாள் முழுக்கத் தாங்கும், சூயிங்கம் திடீரென்று வரும் ஆசைக்கு. ஒன்றைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல்.

வாரெனிக்லின் என்ற மாத்திரையும் உண்டு. அதை விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும், பொதுவாக 12 வாரம். சாப்பிட்டபின் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்காவிட்டால் குமட்டும். கிடைக்குமா, உங்களுக்கு ஆகுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எல்லா மருந்துக்கும் பொதுவான பொறி ஒன்று: ஆசை அடங்கிவிட்டது என்று மூன்றாம் வாரத்தில் நிறுத்துவது. ஆசை அடங்கியிருப்பதே மருந்தால்தான். காலம் முடியும்வரை போடுங்கள்.

10. முதல் நான்கு வாரம்

மிகக் கடினம் முதல் மூன்று நாள். கோபம், தலைவலி, தூக்கமின்மை, எதிலும் கவனம் நிற்காமை. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என் மனைவியிடம் “மூணு நாளைக்கு நான் என்ன சொன்னாலும் மனசுல வச்சுக்காத” என்றேன். அவர் பிள்ளைகளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அது பெரிய உதவி. நான்கு வாரத்தில் உடம்பின் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆசை ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து நிமிஷம்தான் நிற்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை செய்யும் கிடங்கின் பின்பக்கம் போய் அம்மாவுக்குப் போன் போடுவேன்.

காப்பியைப் பாதியாகக் குறையுங்கள். முன்னால் சொன்ன அதே கல்லீரல் விஷயம்தான்: புகை நின்றதும் அதே அளவு காப்பி ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். நாளுக்கு நாலு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்து அன்றே பற்றவைக்கப் போனேன். இரண்டு கோப்பியாகக் குறைத்ததும் நின்றது.

இருமலும் சளியும் சில வாரம் கூடலாம். நுரையீரலின் மெல்லிய மயிரிழைகள் மறுபடி வேலைசெய்து அழுக்கை வெளியே தள்ளுகின்றன. “சிகரெட்டை விட்டதும்தான் இருமலே வந்தது” என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். சளியில் ரத்தம் இருந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே டாக்டர். மலச்சிக்கலும் வரும், பப்பாளியும் தண்ணீரும் போதும். எடை சராசரியாக ஒரு வருஷத்தில் நாலைந்து கிலோ கூடும். இனிப்புநீர் இருப்பவர்கள் தே தாரிக்கின் கெட்டிப்பாலில் கவனம் வையுங்கள், வாய் சும்மா இருக்காமல் அதைத்தான் தேடும்.

மனம் மிகவும் உடைந்துபோனால் 15555 என்ற ஹீல் எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். சுகாதார அமைச்சு நடத்துவது, காலை 8 முதல் நள்ளிரவுவரை.

11. 49ஆம் நாள்

எனக்கு வினை எப்போதும் இங்கேதான். உடம்பு கேட்பதை நிறுத்திவிடும், இடமும் ஆளும் கேட்கும். காலை 9.45-க்குக் கிடங்கில் டீ நேரம், லோரிக்காரர்கள் நாலு பேர், ஒரு பெட்டி கைமாறும். விரதத்தில் மாலையைப் பார்த்து யாரும் நீட்ட மாட்டார்கள். மாலை இறங்கியதும் “அண்ணே, முடிஞ்சிருச்சுல்ல, இந்தாங்க” என்று அன்போடு நீட்டுவார்கள். அந்த அன்புக்கு மறுப்புச் சொல்ல வாய் வராது.

இந்தத் தடவை நர்ஸ் அக்கா ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தார், அதையே சொன்னேன்: “டாக்டர் மருந்து போட்டிருக்கார், சேராது.” வியாக்கியானம் வேண்டாம். “விட்டுட்டேன்” என்று சொன்னால் பந்தயம் கட்டுவார்கள், “மருந்து” என்றால் கையை இழுத்துக்கொள்வார்கள். டீ நேரத்தை ஒன்றரை மாதத்துக்குப் பத்து மணிக்கு மாற்றிக்கொண்டேன். உங்கள் மூன்று நாள் குறிப்பை எடுத்துப் பாருங்கள், எந்த நேரம், எந்த ஆள் என்று அதிலேயே இருக்கும். அந்த இரண்டையும் மாற்றுவதற்கு வழி செய்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

குடிப்பழக்கம் உள்ளவர்கள் முதல் மாதம் அதையும் தள்ளி வையுங்கள். ஷிஷாவையும் “இது சிகரெட் இல்லையே” என்று தொடாதீர்கள். அதிலும் புகையிலைதான், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் புகையின் அளவு பல மடங்கு.

12. சறுக்கிவிட்டால்

எட்டாவது வாரம் ஒரு சாவு வீட்டில், பந்தலுக்கு வெளியே, மூன்று சிகரெட் பிடித்துவிட்டேன். பழைய நானாக இருந்தால் “எல்லாம் போச்சு” என்று மறுநாள் ஒரு பெட்டி வாங்கியிருப்பேன். அந்த இரவே மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலையில் கிளினிக்குக்குப் போன் போட்டேன். திட்டவில்லை. அடுத்த சந்திப்பை அதே வாரத்துக்கு மாற்றினார்கள், 7 மில்லிகிராமுக்குக் குறைப்பதை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள்.

பேட்ச் ஒட்டியிருக்கும்போது ஒன்று பிடித்துவிட்டால் பயந்து பேட்சைப் பிடுங்கி எறியாதீர்கள். சிகரெட்டை நிறுத்துங்கள், பேட்சைத் தொடருங்கள், நர்ஸிடம் சொல்லுங்கள். சந்திப்புக்குப் போக வெட்கப்பட்டு நின்றுவிடுவதுதான் உண்மையான ஆபத்து. ஊதும் கருவி காட்டிக்கொடுத்துவிடுமே என்று பலர் போகாமலே விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து மருந்தைச் சரிசெய்வதற்காகத்தான் ஊதச் சொல்கிறார்கள்.

இடையில் மாதக்கணக்கில் போகாமல் விட்டிருந்தாலும் மறுபடி ஆரம்பிக்கலாம். சந்திப்பு அட்டை தொலைந்திருந்தால் மைகார்டை நீட்டி முன்பு வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். நடுவில் எப்போது, எத்தனை பிடித்தீர்கள் என்பதைக் குறித்து எடுத்துப்போங்கள். கவுண்டர் 8 மணிக்குத் திறக்கும். 7.30-க்கு வரிசையில் நின்றால் மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடலாம்.